கார்ல ரப்பர் பொசுங்குற வாடை: எங்கிருந்து வருதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது

கார் ஓடிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு ரப்பர் பொசுங்குற வாடை வந்துச்சுன்னா உள்ள இருக்கற நாலு பேரும் நாலு காரணம் சொல்லுவாங்க. மாமா ஃபேன் பெல்ட்டும்பார், மச்சான் பிரேக் ஜாம்ம்பான், பின் சீட்ல இருந்து "முன்னாடி போற லாரியோடதா இருக்கும், கண்ணாடிய ஏத்தி விடுங்க"ன்னு ஒரு குரல் வரும். லாரி தியரிய சிரிச்சு ஒதுக்க வேண்டாம், பல நேரம் அதுதான் நெசம். கண்ணாடிய ஏத்திட்டு, வெளிக்காத்து உள்ள வராம ஏசி பட்டன மாத்திட்டு, லாரிய முன்னாடி போக விட்டுட்டு ரெண்டு நிமிஷம் பாருங்க, வாடை போயிட்டா விஷயம் முடிஞ்சுது. போகலைன்னா நம்ம வண்டிதான்.

அடுத்து நிறைய பேர் பண்றது என்னன்னா மெக்கானிக்கிட்ட போய் "அண்ணே, ரப்பர் கருகுற வாடை வருது"ன்னு மட்டும் சொல்லிட்டு சாவிய குடுத்துட்டு வந்துடறது. அவரும் பானட்ட தூக்கி, கண்ணுக்கு முதல்ல தெரியற பெல்ட்ட மாத்தி குடுப்பார். ரெண்டு வாரத்துல வாடை திரும்ப வரும். அவர குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, ஏன்னா வாடைய மட்டும் வெச்சு எந்த பார்ட்டுன்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது. கிளட்ச் லைனிங், பிரேக் பேடு, பெல்ட்டு, வயர் மேல இருக்கற உறை, இது எல்லாமே பிசின், ரப்பர், பிளாஸ்டிக்னு ஏதாவது ஒண்ண வெச்சு செஞ்சதுதான், சூடு ஏறினா எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நாத்தம்தான். ஆள காட்டிக் குடுக்கறது வேற: வாடை எப்ப வருது, வண்டியோட எந்த மூலைல இருந்து வருது, அந்த நேரத்துல கூட வேற என்ன நடக்குது. இந்த மூணையும் கவனிக்காம ஸ்பேனர கைல எடுத்தா காசுதான் கரியும்.

கண்டுபிடிக்கற வேலைக்கு முன்னாடி ஒரு விஷயம். வாடையோட புகையும் தெரிஞ்சா, இல்ல டேஷ்போர்டுக்கு உள்ள இருந்து வாடை வந்தா, "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்"ங்கற கணக்கே வேண்டாம். ஓரங்கட்டி, இன்ஜின ஆஃப் பண்ணி, எல்லாரையும் கீழ இறக்கி தள்ளி நிக்க வைங்க. பானட்டுக்குள்ள இருந்து புகை தடிமனா வந்தா பானட்ட முழுசா தூக்கவே கூடாது, காத்து கெடச்சதும் தீ குப்புன்னு பிடிக்கும். காய்ஞ்ச சருகு, வைக்கோல் கிடக்கற இடத்துல நிறுத்தாதீங்க, அதோட காரணம் கீழ வருது.

சரி, இப்ப விஷயத்துக்கு. மேனுவல் கியர் வண்டி வெச்சிருக்கீங்க, நம்ம ஊர் டிராஃபிக்ல ஓட்டறீங்கன்னா என்னோட முதல் சந்தேகம் பெல்ட் மேல இல்ல, கிளட்ச் மேலதான். இன்ஜினோட ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல கிளட்ச் பிளேட் இறுக்கமா மாட்டிக்கிட்டு இருக்கும். பெடல்ல இருந்து கால முழுசா எடுத்துட்டா மூணும் ஒண்ணா சுத்தும், உரசலே கிடையாது, சூடும் கிடையாது. முழுசா மிதிச்சா பிளேட் விலகிடும், அப்பவும் பெருசா பிரச்சனை இல்ல. நடுவுல, பாதி மிதிச்சு பாதி விட்டு நிக்கும்போதுதான் ஃப்ளைவீல் ஒரு வேகத்துலயும் பிளேட் ஒரு வேகத்துலயும் சுத்தி ஒண்ணோட ஒண்ணு தேயும். பிளேட் மேல ஒட்டியிருக்கற லைனிங் கண்ணாடி நார், பிசின், ரப்பர், நடுவுல பித்தளை இல்லைன்னா செம்புக் கம்பி எல்லாம் சேர்த்து அழுத்தி செஞ்சது, அது சூடேறி அந்த பிசின் கருகும்போது வர்றதுதான் நீங்க ரப்பர் வாடைன்னு நினைக்கறது.

இது எங்க வரும்னா, பொங்கல் லீவுக்கு தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு பக்கம் ஜிஎஸ்டி ரோட்ல நகந்து போற கூட்டத்துல வரும், மால் பேஸ்மென்ட்ல ஏத்தமா இருக்கற வளைவுல முன்னாடி கார் நின்னதும் ஹேண்ட் பிரேக் போடாம கிளட்ச்லயும் ஆக்ஸிலேட்டர்லயும் வண்டிய புடிச்சு நிப்பாட்டறப்ப வரும், ஏத்தத்துல ரிவர்ஸ் எடுக்கறப்ப கண்டிப்பா வரும், ஏன்னா ரிவர்ஸ் கியர் வேகத்துக்கு அடங்காம மெதுவா போகணும்னு நாம பெடல பாதியிலயே வெச்சு ஓட்டறோம். சேத்துல மாட்டின வண்டிய முறுக்கி வெளிய எடுத்தாலும் இதேதான். இப்படி ஒரு தடவ வாடை வந்து பத்து நிமிஷம் நிறுத்தி வெச்சதும் போயிட்டு, அப்புறம் சாதாரணமா ஓட்டும்போது வரலைன்னா பயப்பட ஒண்ணும் இல்ல, லைனிங்ல கொஞ்சம் ஆயுசு போச்சு, அவ்வளவுதான். செலவு கிடையாது, கால் பழக்கத்த மாத்தினா போதும்: நின்னா நியூட்ரல், ஏத்தத்துல நின்னா ஹேண்ட் பிரேக், ஓட்டும்போது இடது கால் பெடல் மேல ஓய்வெடுக்காம பக்கத்துல இருக்கற திண்டுல இருக்கணும்.

சமதளத்துல சும்மா ஓட்டும்போதே வாடை வருதுன்னா அது வேற கதை, கிளட்ச் ஸ்லிப் ஆகுது. இத நீங்களே பாத்துக்கலாம். காலியான ரோட்ல நாலாவது இல்ல அஞ்சாவது கியர்ல 50 கிலோமீட்டர் வேகத்துல போய் ஆக்ஸிலேட்டர நல்லா அழுத்துங்க. ஆர்பிஎம் முள்ளும் ஸ்பீடு முள்ளும் சேர்ந்து மெதுவா ஏறினா கிளட்ச் பிடிக்குதுன்னு அர்த்தம். ஆர்பிஎம் மட்டும் விறுவிறுன்னு மேல போய் வண்டி அசமந்தமா வந்தா பிளேட் வழுக்குது. ஒரு தடவ பாத்தா போதும், நம்பிக்கை வரலைன்னு திரும்ப திரும்ப பண்ணா மிச்சம் இருக்கற லைனிங்கும் அந்த டெஸ்ட்லயே போயிடும். ஸ்லிப்னு தெரிஞ்சதும் உடனே கிளட்ச் செட்டுக்கு காசு எண்ணாதீங்க. கேபிள் கிளட்ச் வண்டியா இருந்தா பெடல்ல கொஞ்சம் லூசு, அதாவது ஃப்ரீ பிளே இருக்கணும். அது இல்லாம கேபிள் விறைப்பா இருந்தா நீங்க கால எடுத்தாலும் பிளேட் முழுசா பிடிக்காது, அட்ஜஸ்ட்மென்ட் நட்ட திருகினா சரியாகற பிரச்சனைக்கு கியர்பாக்ஸ இறக்கினவங்க இருக்காங்க. ஹைட்ராலிக் கிளட்ச்ல இந்த சமாச்சாரம் பெரும்பாலும் தானா சரியாயிக்கும், அங்க ஸ்லிப் ஆச்சுன்னா லைனிங் தேஞ்சிருக்கணும், இல்ல இன்ஜின் பின் பக்க ஆயில் சீல் கசிஞ்சு பிளேட்ல ஆயில் ஏறியிருக்கணும். ஆயில் ஏறினதுன்னா பிளேட்ட மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, சீலையும் மாத்தணும், கியர்பாக்ஸ் கீழ இருக்கும்போதே ஃப்ளைவீல் முகத்துல நீலம் பாரிச்சிருக்கா, கோடு விழுந்திருக்கான்னு பாத்துடணும். எப்படியும் லேபர் ஒண்ணுதான், அதனால பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் செட்டா மாத்தறதுதான் புத்திசாலித்தனம்.

ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸ தானா மாத்திக்கற வண்டி வெச்சிருக்கறவங்க "எனக்கு கிளட்ச் பெடலே இல்ல"ன்னு இத தாண்டி போயிடாதீங்க. 2014ல மாருதி செலேரியோ வந்ததுல இருந்து நம்ம ஊர்ல பரவின இந்த டைப்ல உள்ள இருக்கறது அதே காய்ஞ்ச (ஆயில்ல நனையாம ஓடற) கிளட்ச் பிளேட்தான், உங்க காலுக்கு பதிலா ஒரு மோட்டாரோ ஆயில் பிரஷரோ அத மிதிக்குது, அவ்வளவுதான். ஃப்ளைஓவர் ஏத்தத்துல டிராஃபிக்ல நிக்கும்போது பிரேக் மிதிக்காம ஆக்ஸிலேட்டர லேசா அழுத்தி வண்டிய அப்படியே தொங்க விட்டா அந்த மோட்டார் பாதி கிளட்ச்ல வண்டிய தாங்கிக்கிட்டு இருக்கும், நாலஞ்சு நிமிஷத்துல வாடை வந்துடும். காய்ஞ்ச கிளட்ச் இருக்கற டிசிடி (ரெட்டை கிளட்ச்) கியர்பாக்ஸுக்கும் இதே விதிதான். கிளட்ச் பிளேட்டுக்கு பதிலா ஆயில் வழியா சக்திய கடத்தற டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்ல இந்த வழியில வாடை வராது, அந்த வண்டியில வந்தா வேற இடத்த தேடணும்.

பெல்ட்டுக்கு வருவோம், அதுவும் அப்பாவி இல்ல. இன்ஜினோட ஒரு பக்கத்துல கிராங்க் புல்லில இருந்து ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், பல வண்டியில வாட்டர் பம்ப், பழைய வண்டின்னா பவர் ஸ்டீயரிங் பம்ப், எல்லாத்தையும் சுத்த வைக்கறது இதுதான். பெல்ட் வாடைக்கு ஒரு அடையாளம் உண்டு, கூடவே கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். காலைல ஸ்டார்ட் பண்ணதும், மழைல தண்ணி தெறிச்சதும், ஏசிய போட்ட நொடியிலயும் சத்தம் அதிகமாகும், ஏன்னா அப்பதான் பெல்ட் மேல திடீர்னு பாரம் ஏறுது. ஏசிய போட்டா வாடை, ஆஃப் பண்ணா வாடை இல்லைன்னா கம்ப்ரசர் இறுகிப் போச்சுன்னு சந்தேகப்படலாம், கம்ப்ரசர் சுத்த மாட்டேங்குது, பெல்ட் அது மேல உரசிக்கிட்டே ஓடுது. இந்த நிலைமைல புது பெல்ட் போட்டா அதுவும் சீக்கிரமே பொசுங்கும். மெக்கானிக் "பெல்ட் போச்சு"ன்னா "பெல்ட் ஏன் போச்சு"ன்னு கேக்கணும்னு நான் சொல்றது இதனாலதான். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பெல்ட்ட கழட்டி, கிராங்க் புல்லிய தவிர மத்த ஒவ்வொண்ணையும் கையால சுத்திப் பாத்தா (கம்ப்ரசர்ல புல்லிய இல்ல, அதுக்கு முன்னாடி இருக்கற கிளட்ச் தட்ட சுத்தணும்) தெரிஞ்சுடும், ஒண்ணு கரகரங்கும், ஒண்ணு ஆடும், ஒண்ணு சுத்தவே சுத்தாது. பெல்ட்ட இறுக்கமா வெக்கற டென்ஷனர் ஸ்பிரிங் தளந்திருந்தாலும் இதே கதைதான்.

பெல்ட்ட வெடிப்பு இருக்கான்னு பாத்துட்டு நல்லா இருக்குன்னு விட்டுடறது பழைய காலத்து பழக்கம். முன்னாடி நியோப்ரீன்ல வந்த பெல்ட் வயசானா வெடிக்கும், இப்ப வர்ற இபிடிஎம் ரப்பர் பெல்ட் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது, டயர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா தேயும், வரி வரியா இருக்கற பள்ளம் அகலமாயிட்டே வந்து பெல்ட் புல்லிக்குள்ள ஆழமா உக்காந்து வழுக்க ஆரம்பிக்கும். வரி இருக்கற பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா அது ஏற்கனவே வழுக்கி சூடான பெல்ட்டுன்னு அர்த்தம். சத்தம் வர்ற பெல்ட்டுக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு, இன்ஜின் ஓடும்போது தள்ளி நின்னு, கையோ துணியோ கிட்ட போகாம, ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல வெறும் தண்ணிய வரிப் பக்கம் லேசா அடிச்சுப் பாருங்க. சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினா புல்லிங்க நேர்க்கோட்டுல இல்ல, சத்தம் இன்னும் கூடினா டென்ஷன் பத்தல. சோப்ப தேய்க்கறது, ஏதாவது ஸ்ப்ரே அடிக்கறது எல்லாம் சத்தத்த மறைக்கும், வழுக்கல நிறுத்தாது. பெல்ட் மேல இன்ஜின் ஆயிலோ கூலன்ட்டோ ஒழுகியிருந்தா முதல்ல ஒழுகற இடத்த அடைக்கணும். இத தள்ளிப் போடவும் முடியாது, பெல்ட் அறுந்தா பேட்டரி சிவப்பு லைட் எரியும், வாட்டர் பம்பும் அதே பெல்ட்ல இருந்தா சூடு முள் கொஞ்ச நேரத்துல மேல ஏறிடும், அதுக்கு மேல ஓட்டினா ஹெட் கேஸ்கெட் செலவு.

பிரேக் வாடைல ரெண்டு ரகம், ரெண்டுக்கும் வைத்தியமே வேற. ஒண்ணு மலை இறங்கும்போது வர்றது. வால்பாறைல இருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைல 70, ஊட்டில இருந்து மசினகுடி இறங்கற கல்லட்டி பாதைல 36. ஒரு 1,200 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்குதுன்னா வெளிய போக வேண்டிய சக்தி கணக்குப் போட்டா ஏறத்தாழ 3.3 யூனிட் கரண்ட் வருது, நாம இ.பி. பில்லுல பாக்கற அதே யூனிட்தான். மூணாவது நாலாவது கியர்ல பிரேக்க மட்டும் நம்பி இறங்கினா அதுல பெரும்பகுதி அந்த நாலு சக்கரத்து பேடுலயும் லைனர்லயும் சூடாத்தான் போயாகணும். பேடுல இருக்கற பிசின் கருகும், வாடை வரும், அதோட நின்னா பரவால்ல. சூடு, பேட டிஸ்க் மேல அழுத்தற காலிப்பர் வழியா பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3ங்கற ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது கொதிக்காம 205 டிகிரியாவது தாங்கணும், ஈரம் குடிச்சதுக்கு அப்புறம் 140 தாங்கினா போதும்னுதான் தரமே சொல்லுது, டாட் 4க்கு இது 230, 155. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த தானா உறிஞ்சும், அதனால ரெண்டு வருஷமா மாத்தாத ஆயில் ரெண்டாவது நம்பர் பக்கம் நகந்துக்கிட்டே இருக்கும். ஆயில் கொதிச்சு குமிழி வந்தா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது.

அதனால எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லயே இறங்குங்கன்னு பழைய டிரைவருங்க சொல்றது வெறும் பேச்சு இல்ல, இன்ஜின் அந்த சக்திய வாங்கிக்கும். நியூட்ரல்ல போட்டு பெட்ரோல் மிச்சம் பண்றவங்களுக்கு ஒண்ணு, இப்ப இருக்கற இன்ஜெக்ஷன் வண்டியில கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டர விட்டு இறங்கும்போது பெட்ரோல் சப்ளையே கட் ஆயிடும், நியூட்ரல்லதான் ஐட்லிங்க்கு எண்ணெய் குடிக்குது. இறங்கும்போது வாடை வந்துட்டா அகலமான இடமா பாத்து நிறுத்தி அரை மணி நேரம் டீ குடிங்க. சக்கரத்து மேல தண்ணி ஊத்தாதீங்க, சூடான டிஸ்க் கோணிக்கும், அப்புறம் பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். சூடு ஆறும் வரைக்கும் ஹேண்ட் பிரேக்க இழுக்காம கியர்ல போட்டு சக்கரத்துக்கு கல்லு வைக்கறது நல்லது.

இன்னொரு ரகம், சமதளத்துல ஒரே ஒரு சக்கரத்துல இருந்து வர்றது. இது பிரேக் பிடிச்ச பிடிய விடாம உரசறது. முதல்ல ஹேண்ட் பிரேக் முழுசா இறங்கியிருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, ஒரு பல் தூக்கி இருந்தாலும் போதும், பின் டிரம் ரெண்டும் கருகும். மழைக்காலத்துல ஒரு வாரம் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி வெச்ச வண்டியில கேபிள் துரு ஏறி லிவர் இறங்கினாலும் லைனர் விலகாம நிக்கறது சகஜம். அது இல்லைன்னா முன் காலிப்பர். பத்து கிலோமீட்டர் பிரேக்க அதிகம் தொடாம ஓட்டி, மெதுவா உருண்டு வந்து நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல கைய கொண்டு போங்க, தொடாதீங்க, ரிம்மும் டிஸ்க்கும் தோல சுட்டு வெச்சுடும். ஒரே ஆக்ஸில்ல இடது வலது ரெண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டுல இருக்கணும், ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா ஆள் அங்கதான். கைல புடிச்சு குறி பாக்கற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா நம்பராவே தெரிஞ்சுடும். வண்டி ஒரு பக்கமா இழுக்கறது, மைலேஜ் குறையறது, ஒரு ரிம்ல மட்டும் கருப்பு தூள் அதிகமா படியறது, இதெல்லாம் கூடவே வர்ற சாட்சி. காரணம் பெரும்பாலும் காலிப்பர் நகர்ற ஸ்லைடு பின் கிரீஸ் காய்ஞ்சு இறுகினதுதான், கழட்டி தொடச்சு அதுக்குன்னு இருக்கற கிரீஸ் போட்டு ரப்பர் பூட்ட மாத்தினா சின்ன செலவுல முடியும். பின் நல்லா இருந்தும் பிடி விடலைன்னா பிஸ்டன் துரு, இல்ல பிரேக் ஹோஸ் உள்ள ஊதி ஆயில் திரும்பி வராம அடைச்சுக்கிட்டு இருக்கும். இந்த ஹோஸ் விஷயம் வெளிய இருந்து கண்ணுக்கு தெரியாது, காலிப்பர் ரிப்பேர் பண்ணியும் பிரச்சனை தீராத வண்டிங்கள்ல இதுதான் ஒளிஞ்சிருக்கும்.

புது பேடு, புது கிளட்ச் போட்ட முதல் சில நாள் லேசா வாடை வரும், மேல் பூச்சு வேகறது, தானா போயிடும். அடியில துருப்பிடிக்காம இருக்க கோட்டிங் அடிச்சுட்டு வந்த வண்டியிலயும் சைலன்சர் மேல பட்டது கொஞ்ச நாள் நாறும்.

வயர் கருகற வாடை கொஞ்சம் வேற மாதிரி, மூக்க குத்தும், பிளாஸ்டிக் நெடி. இது வண்டி நிக்கும்போதும் வரும், ஏசி வென்ட் வழியா வரும், ஏதோ ஒரு சுவிட்ச போட்டதும் வரும். எந்த சுவிட்சுன்னு கவனிச்சா பாதி கண்டுபிடிச்சாச்சு. ஃபேன் ஒண்ணாம் நம்பர்ல வாடை வந்தா புளோயர் ரெசிஸ்டர், ஹெட்லைட் போட்டா வந்தா ஹோல்டர். கம்பெனில இருந்து வர்ற ஹாலஜன் பல்பு 60/55 வாட், வெளிச்சம் பத்தலைன்னு கடையில 100/90 வாட் வாங்கி அதே வயர்ல மாட்டிடறோம். 12 வோல்ட்ல 60 வாட்டுக்கு 5 ஆம்பியர்தான், 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல போகுது, ரெண்டு பல்புக்கு அந்த கரண்ட அந்த மெல்லிசு வயரும் சுவிட்சும் தாங்கணும். பிளாஸ்டிக் ஹோல்டர் பழுப்பாகி உருகி பல்ப புடிச்சுக்கும். ரிலேயும் தடிமனான வயரும் போட்டு பேட்டரில இருந்து தனியா எடுத்தா பிரச்சனை இல்ல, ஆனா அதுக்கு மெனக்கெடறவங்க குறைவு. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடறதும், சிகரெட் அட்டை ஃபாயில சுத்தறதும் தீக்கு நேரா அழைப்பு வெக்கற வேலை, ஃபியூஸ் போகலைன்னா வயர்தான் போகும். இந்த நெடி வந்தா இன்ஜின ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவ் முனைய கழட்டுங்க, நிறைய வண்டிக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும், அத டூல் பாக்ஸ்ல போட்டு வெக்கறது நல்லது. எலி கடிச்ச வயரும் இதே கணக்குதான், அதோட எலி கந்தல் துணி, தேங்கா நார்னு கொண்டு வந்து இன்ஜின் மேல கூடு கட்டிடும், நாலஞ்சு நாள் நிறுத்தி வெச்ச வண்டிய எடுக்கும்போது வாடை வந்தா பானட்ட தூக்கி முதல்ல அதத்தான் தேடுங்க.

சில நேரம் கருகறது வண்டியோட பார்ட்டே இல்ல. ரோட்ல பறந்த பாலித்தீன் பை சைலன்சர்ல ஒட்டி உருகினா அசல் ரப்பர் வாடைதான், குனிஞ்சு பாத்தா கருப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும், ஆறினதும் சொரண்டிடலாம். சர்வீஸ்ல இருந்து வந்த மறுநாள் வாடைன்னா ஆயில் ஃபில்டர் மாத்தும்போது சிந்தினது, இல்ல உள்ள மறந்து விட்ட வேஸ்ட் துணி. டாப்பெட் கவர் பேக்கிங் கசிஞ்சு எக்ஸாஸ்ட் மேல ஆயில் சொட்டினா வண்டிய நிறுத்தினதுக்கு அப்புறம் வாடை தூக்கலா இருக்கும், லேசா நீலப் புகையும் தெரியும். இத தள்ளிப் போடாதீங்க, ஆயில் எரியற பொருள்.

இதுல நம்ம கிராமத்து ரோட்டுக்குன்னே ஒண்ணு இருக்கு. அறுவடை சீசன்ல கொள்ளு, உளுந்து, சோளம்னு ரோட்ல பரப்பி வெச்சிருப்பாங்க, வண்டிங்க ஏறிப் போனா மணி உதிரும்னு. அந்த காய்ஞ்ச கொடி ஆக்ஸில்ல சுத்திக்கும், அடியில சைலன்சருக்கும் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும் நடுவுல போய் அடைச்சுக்கும், அங்க இருக்கற சூட்டுக்கு அது தீக்குச்சிதான், இப்படி எரிஞ்சு போன காருங்க உண்டு. முடிஞ்சா ஒதுங்கி போங்க, ஏறித்தான் ஆகணும்னா தாண்டினதும் ஒரு கிலோமீட்டர்க்குள்ள நிறுத்தி கீழ குனிஞ்சு பாத்துட்டு போங்க.

டீசல் பிஎஸ்6 வண்டிக்காரங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் 1ல இருந்து வந்த டீசல் வண்டிங்கள்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு, அதுல சேர்ற கரிய வண்டியே அப்பப்ப 600 டிகிரி கிட்ட சூடேத்தி எரிச்சு தள்ளும். அந்த நேரத்துல கருகல் வாடை வரும், ஐட்லிங் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும், வண்டிய நிறுத்தினதுக்கு அப்புறமும் ரேடியேட்டர் ஃபேன் ஓடும். இது ரிப்பேர் இல்ல. நடுவுல நிறுத்தாம இன்னும் கொஞ்ச தூரம் ஹைவேல ஓட்டி முடிய விட்டா போதும், தினமும் மூணு கிலோமீட்டர் மட்டும் ஓட்டற வண்டியிலதான் இது முடியாம முடியாம கடைசில ரிப்பேராகுது.

டயர் உரசறது கண்டுபிடிக்க லேசு. அகல டயர் மாத்தின வண்டியில, இல்ல அஞ்சு பேர் லக்கேஜோட குழில இறங்கும்போது, இல்ல ஸ்டீயரிங்க முழுசா ஒடிக்கும்போது மட்டும் வாடையும் சர்ருன்னு சத்தமும் வரும். சக்கரத்துக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் லைனர்ல கை விட்டுப் பாத்தா தேஞ்ச இடம் பளபளன்னு இருக்கும். கிளிப் கழண்டு லைனர் தொங்கினாலும் இதேதான், பத்து ரூபா கிளிப்ல முடியும். காத்து குறைஞ்ச டயர்ல ரொம்ப தூரம் ஓட்டினா பக்கச் சுவர் சூடேறி நெசமாவே ரப்பர் வாடை வரும், அந்த டயர்ல காத்த மட்டும் அடிச்சுட்டு கிளம்பாதீங்க, கழட்டி உள் பக்கம் ரப்பர் தூள் உதிர்ந்திருக்கான்னு பாக்க சொல்லுங்க, உதிர்ந்திருந்தா அந்த டயர் முடிஞ்சுது.

கடைசியா ஒர்க்ஷாப் பக்கம். சாவிய குடுத்துட்டு வராம மெக்கானிக்க பக்கத்துல உக்கார வெச்சு வாடை வர்ற மாதிரி ஓட்டி காட்டுங்க, ஏத்தம்னா ஏத்தத்துக்கு கூட்டிட்டு போங்க, ஏசி போட்டா வரும்னா போட்டு காட்டுங்க. எத மாத்தினாலும் பழச கேட்டு வாங்குங்க, அதுல எழுதியிருக்கும். கிளட்ச் பிளேட்ல ஆணி தலை வரைக்கும் லைனிங் தேஞ்சிருந்தா அது ஆயுசு முடிஞ்சது, லைனிங் தடிமனா இருந்து கருப்பா மினுக்கிட்டு ஆயில் வழிஞ்சிருந்தா சீல்தான் காரணம், சீல் மாத்தினீங்களான்னு அங்கயே கேளுங்க. பிரேக் பேடுல உள் பக்க பேடு வெளி பக்கத்த விட ரொம்ப தேஞ்சிருந்தா ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ இறுகி இருக்கு, பேடு மட்டும் மாத்தி அனுப்பினா அந்த புது பேடும் அதே சக்கரத்துல அதே மாதிரி கருகும்.